பாதி விலையில் ஃபாரின் போன்... மீதி விலை எங்கே?



செமஸ்டர் ஃபீஸ் கட்டி முடிச்ச கையோட, 'ஃபிளாட் ஐம்பது பெர்சன்ட் ஆஃப்... ஃப்ரீ ஷிப்பிங்... இன்னும் நாலே பீஸ்தான் பாக்கி'னு ஒரு விளம்பரம் வந்து கண்ணடிக்குதா? கடை ஹாங்காங்கிலோ துபாயிலோ இருக்கு. இங்கே நாற்பதாயிரம் ரூபாய்க்கு விக்கிற போன், அங்கே இருபதாயிரம்! அம்பத்தூர் எஸ்டேட்டில் அப்பா ஓவர்டைம் பார்த்த பணம், கேட்டரிங் வேலைக்குப் போய் நீங்க சேர்த்த பணம், பாட்டி ரகசியமா கையில திணிச்ச தீபாவளிக் காசு... எல்லாத்தையும் கூட்டினா கரெக்டா இருபதாயிரம் வருது. விரல், 'ஆர்டர்' பட்டனுக்கு மேல நின்னு டான்ஸ் ஆடுது.

ஒரு நிமிஷம் பாஸ்! 'வாங்காதே'னு அட்வைஸ் பண்ண வரலை. அதுக்கு வீட்டுலயே ஆள் இருக்காங்க. ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டுக்குவோம். ஒரு பொருள் பாதி விலைக்கு வருதுன்னா, அதில் இருந்து யாரோ எதையோ உருவிட்டாங்கனு அர்த்தம். எதை உருவினாங்க? அதைக் கண்டுபிடிச்சுட்டா, வாங்கலாமா வேண்டாமானு நீங்களே முடிவு பண்ணிடலாம். இந்த வாரம் அந்தத் துப்பறியும் வேலைதான்!

ஒரே ராத்திரியில் ஊமையான போன்கள்

கொஞ்சம் ஃபிளாஷ்பேக். வருஷம் 2009. நாம எல்லாம் எல்.கே.ஜி. வாசல்ல நின்னு அழுதுக்கிட்டு இருந்த நேரம். ஆவடியில இருந்து லோக்கல் ட்ரெயின் பிடிச்சு பீச் ஸ்டேஷன்ல இறங்கினா பர்மா பஜார். சென்ட்ரல்ல இறங்கி நடந்தா ரிச்சி ஸ்ட்ரீட். ரெண்டு இடத்துலயும் 'சைனா செட்' கொடி கட்டிப் பறந்த காலம் அது. ரெண்டு சிம், இழுத்துவிட்டா டி.வி. தெரியுற ஆன்டெனா, தெருமுனை டீக்கடை வரைக்கும் கேக்குற ஸ்பீக்கர், பாட்டு போட்டா டிஸ்கோ லைட்! பெரிய கம்பெனி போனில் இல்லாத பந்தா எல்லாம் அதில் இருந்துச்சு. விலையோ பாதிக்கும் கீழே.

உருவப்பட்டது என்ன தெரியுமா? 15 நம்பர்!

ஒவ்வொரு செல்போனுக்கும் ஐ.எம்.இ.ஐ.னு 15 இலக்க எண் உண்டு. மனுஷனுக்குக் கைரேகை மாதிரி. முதல் எட்டு இலக்கம், அது எந்த மாடல்னு சொல்லும். அடுத்த ஆறு, அந்த ஒரு செட்டுக்கான வரிசை எண். கடைசி இலக்கம் செக் டிஜிட். சைனா செட்டுகள் பலவற்றில் இந்த எண்ணே இல்லை. அல்லது வரிசையா பூஜ்யம். சில சமயம் ஆயிரக்கணக்கான செட்டுக்கு ஒரே எண்! இந்த எண்ணை முறைப்படி வாங்கி, செட்டைப் பரிசோதிச்சு, பதிவு செய்ய ஆகிற செலவைக் கம்பெனிகள் மிச்சம் பிடிச்சதால கிடைச்ச டிஸ்கவுன்ட் அது.

எண் இல்லாத போனில் இருந்து யாராவது மிரட்டினா, எந்த செட்னு போலீஸால கண்டுபிடிக்க முடியாது. 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கெடுபிடி அதிகமாச்சு. 2009 ஜூனில், ஐ.எம்.இ.ஐ. இல்லாத போன்களை இறக்குமதி பண்ணவே தடை வந்துச்சு. ஏற்கெனவே விற்றவற்றை என்ன செய்ய? தேதியைப் பலமுறை தள்ளிவெச்சு, கடைசியில 2009 நவம்பர் 30 நள்ளிரவோட அந்த செட்டுகளுக்கு இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி ஆபரேட்டர்களுக்கு உத்தரவு. நாடு முழுக்க சுமார் இரண்டரைக் கோடி போன்கள் பாதிக்கப்படும்னு அப்ப பேச்சு. உண்மையான எண்ணைப் பதிச்சுத் தர்றதுக்காக ஒரு திட்டமும் வந்துச்சு. கட்டணம் 199 ரூபாய். ஆக, அன்னிக்கு உருவப்பட்டதோட பில், வாங்கினவன் தலையில வந்து விழுந்துச்சு. விற்றவன் பெட்டியைக் கட்டிக்கிட்டு எப்பவோ ஜூட்!

இதுல ஒரு ட்விஸ்ட் இருக்கு. அந்தச் சமயத்துலதான் மைக்ரோமேக்ஸ், கார்பன், லாவா மாதிரி நம்ம நாட்டு பிராண்டுகள் கிடுகிடுனு வளர்ந்துச்சு. அவங்க வித்த பல மாடல்களும் சீனத் தொழிற்சாலைகள்ல செஞ்சவைதான். அதே ரெண்டு சிம், அதே சத்தமான ஸ்பீக்கர். ஆனா முறையான ஐ.எம்.இ.ஐ. இருந்துச்சு, வாரன்ட்டி கார்டு இருந்துச்சு, போய் சண்டை போட ஊருக்குள்ள ஒரு சர்வீஸ் சென்டர் இருந்துச்சு. விலை கொஞ்சம் கூட. அந்தக் 'கொஞ்சம் கூட' எதுக்குனு இப்ப புரியுதா? ஒரு விலாசத்துக்கு!

இங்கே செஞ்சது அங்கே ஏன் சீப்?

"அது லோக்கல் சைனா செட் மச்சி. நான் வாங்கப்போறது ஒரிஜினல் பிராண்ட்"னு சொல்வீங்க. நியாயம்தான். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்ட் பக்கம் நின்னு பாருங்க. பெங்களூர் ஹைவேயில் ஷிஃப்ட் பஸ்கள் வரிசையா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகும். 2006-ல் அங்கே நோக்கியா போன் தயாரிக்க ஆரம்பிச்சுது. 2014 நவம்பரில் அந்த ஆலை மூடினது பல குடும்பங்களுக்கு இன்னும் ஆறாத சோகம். 2019-ல் ஃபாக்ஸ்கான் அதே வட்டாரத்துல ஐபோன் அசெம்பிள் பண்ண ஆரம்பிச்சுது. இப்ப அங்கே இருந்து அமெரிக்காவுக்கே கப்பலும் விமானமும் ஏறுது.

"நம்ம ஏரியா அக்கா கையால ஸ்க்ரூ முடுக்கின போன், அமெரிக்காவுல மட்டும் எப்படிடா சீப்?"னு கேட்டா, பதில் மூணு.

ஒண்ணு, அமெரிக்கக் கடையில் போட்டிருக்கிற விலையில் விற்பனை வரி சேராது. பில் போடும்போது மாநிலத்துக்கு மாநிலம் ஒரு வரி மேலே ஏறும். நம்ம ஊர் எம்.ஆர்.பி.யில் எல்லா வரியும் அடக்கம். செல்போனுக்கு ஜி.எஸ்.டி. 2017-ல் 12 சதவிகிதமா ஆரம்பிச்சு, 2020 ஏப்ரல் 1-ல் இருந்து 18 சதவிகிதம். வரி சேர்த்த விலையையும் சேர்க்காத விலையையும் பக்கத்துல வெச்சுப் பார்க்கிறது, ஹீல்ஸ் போட்டவங்களையும் வெறுங்காலோட நிக்கிறவங்களையும் உயரம் பார்க்கிற மாதிரி!

ரெண்டு, அங்கே ரொம்ப மலிவா கிடைக்கிற பல செட்டுகள் ஏதாவது ஒரு நெட்வொர்க்கோட ஒப்பந்தத்துல வருது. ரெண்டு மூணு வருஷம் மாசாமாசம் பில் கட்டுறேன்னு கையெழுத்து போட்டா செட்டுக்குத் தள்ளுபடி. பாக்கி தீர்ற வரைக்கும் போன் 'லாக்'. அதை இங்கே கொண்டுவந்து நம்ம சிம்மைப் போட்டா, போன் உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

மூணு, ஒவ்வொரு நாட்டுலயும் வாரன்ட்டி, போட்டி, டாலர் ரேட் எல்லாத்தையும் பார்த்து கம்பெனி தனித்தனியா விலை வைக்குது. எங்கே செஞ்சாங்கங்கிறதை மட்டும் வெச்சு விலை தீர்மானம் ஆகிறது இல்லை.

கஸ்டம்ஸ் கணக்கு

சரி, லாக் இல்லாத செட்டாவே ஆர்டர் போட்டாச்சுனு வெச்சுக்குவோம். இப்ப நீங்க வெறும் கஸ்டமர் இல்லை தலைவா... இறக்குமதியாளர்! பார்சல் சென்னைக்கு வந்ததும் சுங்கத்துறை கேக்கிறது கடைக்காரரை இல்லை, உங்களை. அடையாளச் சான்று கேட்டு கூரியர் கம்பெனி மெசேஜ் அனுப்புதே, அது இதுக்குத்தான்.

வரி போடுற முறை புரியணும்னா ஒரு சின்னக் கணக்கு. 2024 ஜூலை பட்ஜெட்டில் போன் இறக்குமதிக்கான அடிப்படைச் சுங்க வரியை 20-ல் இருந்து 15 சதவிகிதமா குறைச்சாங்க. அந்த விகிதத்தை வெச்சே போடுவோம்.

போன் விலை 20,000. கப்பல் கூலி, இன்ஷூரன்ஸ் 1,000. ஆக 21,000. இந்தக் கூலிக்கும் சேர்த்துத்தான் வரி, கவனிச்சுக்கங்க! இதுக்கு 15 சதவிகிதம்னா 3,150. அந்த வரி மேல 10 சதவிகிதம் சமூக நல சர்சார்ஜ் 315. மொத்தம் 24,465. இப்ப இந்த மொத்தத் தொகைக்கும் 18 சதவிகித ஜி.எஸ்.டி., அதாவது சுமார் 4,404. கூட்டிப் பாருங்க... 28,869 ரூபாய்! கூரியர் கம்பெனியோட கிளியரன்ஸ் கட்டணம் இன்னும் சேரலை.

இது கம்பெனிகள் வியாபாரத்துக்குக் கொண்டுவர்ற போனுக்கான கணக்கு. தனி ஆள் சொந்த உபயோகத்துக்கு வரவழைக்கிற பார்சலுக்கு சுங்க அட்டவணையில் தனித் தலைப்பு, தனி விகிதம். பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும். ஆர்டர் போடுற அன்னிக்கே அந்த விகிதத்தைப் பார்த்து, மேலே சொன்ன மாதிரி அடுக்கடுக்கா ஏத்திக் கூட்டுங்க. பாதி விலை பல்லிளிக்கிறது அப்ப தெரியும்.

"கவலையே படாதீங்க சார், 'கிஃப்ட்'னு எழுதி அனுப்புறோம். விலை இருபது டாலர்னு போட்டுடுறோம்"னு சில கடைக்காரங்க அன்பொழுகச் சொல்வாங்க. அல்வா அது! வெளிநாட்டில் இருந்து தபால், கூரியரில் வர்ற பரிசுப் பொருளுக்கு இருந்த வரிச் சலுகையை 2019 டிசம்பரில் அரசு எடுத்துடுச்சு. உயிர் காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும்தான் விதிவிலக்கு. கிஃப்ட்னு எழுதினாலும் முழு வரி கட்டணும். பொய் விலை போட்டிருந்தா அதிகாரிகள் சரியான விலையை அவங்களே மதிப்பிடலாம், பொருளைப் பறிமுதல் பண்ணலாம், அபராதமும் போடலாம். பொய் எழுதினது ஹாங்காங் கடைக்காரர். பதில் சொல்ல வேண்டியது ஆவடியில இருக்கிற நீங்க.

பெட்டியைத் திறந்தா...

வரியும் கட்டி, பெட்டி வீட்டுக்கு வந்தாச்சு. உள்ளே அதே பிராண்ட், அதே மாடல் பேர். ஆனா அதே போனா?

நம்ம ஊர் டவர் எந்த அலைவரிசையில் பேசுதோ, அதே அலைவரிசை போனுக்கும் தெரியணும். 4ஜி-க்கு இங்கே 3, 5, 8, 40, 41 ஆகிய பேண்டுகள் முக்கியம். 5ஜி-க்கு என்78, ஜியோ யூஸ் பண்றவங்களுக்கு என்28-ம் வேணும். ஒரே மாடலை நாட்டுக்கு நாடு வேற வேற பேண்டோட விக்கிறாங்க. பெட்டியில் இருக்கிற மாடல் எண்ணோட கடைசி எழுத்துதான் சில சமயம் வித்தியாசமே. இன்னொரு சிக்கல் வோல்ட்இ. ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது. வெளிநாட்டு செட்டில் ஜியோவுக்கான வோல்ட்இ செட்டிங் இல்லைன்னா, நெட் ஓடும், கால் பேச முடியாது!

2022-ல் வந்த ஐபோன் 14-ல் இருந்து அமெரிக்க மாடலில் சிம் போடுற ஓட்டையே இல்லை. இ-சிம் மட்டும்தான். சீனாவில் விக்கிற ஆண்ட்ராய்டு போன்ல கூகுள் பிளே ஸ்டோர் கிடையாது. ஜப்பான் ஐபோன்ல சைலன்ட்ல போட்டாலும் கேமரா 'க்ளிக்'னு சத்தம் போடுறது உலகப் பிரசித்தம். கிளாஸ்ல போர்டை ஃபோட்டோ எடுக்கிற கோஷ்டி, உஷார்!

எல்லாத்தையும் விடப் பெரிய விஷயம் வாரன்ட்டி. நிறைய கம்பெனிகள், எந்த நாட்டில் வித்தாங்களோ அந்த நாட்டில் மட்டும்தான் இலவச சர்வீஸ் கொடுக்கும். எங்க டிபார்ட்மென்ட் சீனியர் ஒருத்தர் ஒரு வெளிநாட்டுக் கடையில் பார்த்துப் பார்த்து வாங்கினார். பேண்ட் எல்லாம் பக்கா. நாலே மாசத்தில், பஸ் படியில் இருந்து இறங்கும்போது கீழே விழுந்து டிஸ்ப்ளே காலி. சர்வீஸ் சென்டரில் "இந்த மாடல் இந்தியாவில் விற்பனையே இல்லை, ஸ்பேர் வராது"ன்னாங்க. ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடை கடையா ஏறி இறங்கினார். ஒரு அண்ணன் மட்டும், "சைனாவுல இருந்து வரவழைக்கணும் தம்பி, மூணு வாரம் ஆகும், கேரன்ட்டி கிடையாது"னு சொன்னார். அது கேம்பஸ் இன்டர்வியூ நேரம்! கம்பெனி மெயில், பேங்க் ஓ.டி.பி., ஆன்லைன் டெஸ்ட் லிங்க் எல்லாம் வர்றது அந்த ஒரு செட்டில்தான். மூணு வாரமும் தங்கச்சியோட போனைக் கடன் வாங்கி ஓட்டினார். மிச்சம் பிடிச்ச காசுக்கும் அந்த மூணு வாரத்துக்கும் சரியாப்போச்சு.

251 ரூபாய் தத்துவம்

இதுவரைக்கும் சொன்னது, நிஜமாவே போன் அனுப்புற கடைகளைப் பற்றி. அனுப்பாத கோஷ்டி தனி!

2016 பிப்ரவரி ஞாபகம் இருக்கா? ஃப்ரீடம் 251. நொய்டாவில் இருந்த ரிங்கிங் பெல்ஸ் கம்பெனி, ஸ்மார்ட்போன் விலை 251 ரூபாய்னு அறிவிச்சுது. கூட்டம் தாங்காம அவங்க வெப்சைட்டே படுத்துடுச்சு. பத்திரிகைக்காரங்க கையில கொடுத்த சாம்பிள் செட்டில், ஆட்காம்ங்கிற வேற கம்பெனி பேர் மேல ஒயிட்னர் பூசியிருந்தது தெரியவந்து சந்தி சிரிச்சுது. பணம் வாங்கிக்கிட்டு ஏமாத்தினதா வந்த புகாரில், 2017-ல் கம்பெனியை நடத்தினவர் கைதானார். வெளிநாடு இல்லை, நம்ம நாட்டுக்குள்ளயே இந்தக் கூத்து! திரைக்கும் சிப்புக்கும் பேட்டரிக்கும் உலகச் சந்தையில் ஒரு விலை இருக்கு. அதுக்கும் கீழே போனை வித்தா, விக்கிறது போன் இல்லை, ஆசை!

வெளிநாட்டு டுபாக்கூர் கடைகளைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி, பணத்தை எப்படிக் கேக்கிறாங்கனு பார்க்கிறது. கார்டு வேண்டாம், நேரடியா பேங்க் அக்கவுன்ட்டுக்கு அனுப்பு, கிஃப்ட் கார்டு நம்பர் கொடு, கிரிப்டோவுல அனுப்புன்னா, அங்கேயே டாட்டா காட்டிடுங்க. கிரெடிட் கார்டில் கட்டினா, பொருள் வராத பட்சத்தில் பேங்க்கில் 'சார்ஜ்பேக்' கேட்டு முறையிடலாம். மத்த வழிகளில் போன பணம், கூவத்துல போட்ட கல்லு.

அடுத்த சீன் இன்னும் டேஞ்சர். "கஸ்டம்ஸ் ஆபீஸ்ல இருந்து பேசுறோம், உங்க பார்சலைப் பிடிச்சு வெச்சிருக்கோம், உடனே இந்த அக்கவுன்ட்டுக்குப் பணம் போடுங்க"னு இந்தியில ஒரு குரல் மிரட்டும். சுங்கத்துறை யாரோட சொந்த அக்கவுன்ட்டுக்கும் பணம் போடச் சொல்லாது. அவங்க அனுப்புற கடிதங்களில் 'டின்'ங்கிற ஆவண அடையாள எண் இருக்கும். 2019 நவம்பரில் இருந்து இதுதான் நடைமுறை. அந்த எண்ணை அவங்க இணையதளத்துலயே சரிபார்க்கலாம். பணம் போயிடுச்சுன்னா வெட்கப்பட்டுக்கிட்டு உட்காராம, உடனே 1930-க்கு போன் அடிங்க. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்காரங்களுக்கு 2022 ஜனவரியில் இருந்து ஆவடியிலயே தனி போலீஸ் கமிஷனர் அலுவலகம் இருக்கு.

சட்டம் இருக்கு... ஆனா?

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் செம ஸ்ட்ராங். கடை எங்கே இருந்தாலும், நீங்க குடியிருக்கிற இடத்திலேயே வழக்கு போடலாம். ஆவடி, பூந்தமல்லி வாசின்னா திருவள்ளூர் மாவட்ட ஆணையம். அம்பத்தூர் 2018-ல் சென்னை மாவட்டத்தோட சேர்ந்ததால அவங்களுக்கு சென்னை. நீங்க கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள்ள இருந்தா கட்டணமே கிடையாது. 1915-க்கு போன் பண்ணிப் புகாரும் சொல்லலாம். இணைய வணிக விதிகள்படி, கடை 48 மணி நேரத்துக்குள்ள புகார் கிடைச்சதுனு ஒப்புக்கணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்த்துவைக்கணும். இந்தியர்களுக்குத் தொடர்ந்து விக்கிற வெளிநாட்டுக் கடைக்கும் இந்த விதி பொருந்தும்.

ஆனா நடைமுறையில யோசிங்க. இங்கே ஆபீஸ் இல்லாத, ஷென்ஜென் நகரத்துல எந்த மாடியில இருக்குனே தெரியாத ஒரு கடை மேல திருவள்ளூரில் தீர்ப்பு வாங்கிட்டீங்க. அதை யார் கையில் கொண்டுபோய்க் கொடுப்பீங்க? 2020 நவம்பரில் மத்திய அரசு தடை பண்ணின 43 ஆப்களில் அலிஎக்ஸ்பிரஸும் ஒண்ணு. அவ்வளவு பெரிய கடைக்கே ஒரே உத்தரவில் ஷட்டர் இறங்குச்சுன்னா, பேர் தெரியாத கடையை நம்பி எப்படி?

அப்ப வாங்கவே கூடாதா?

தாராளமா வாங்கலாம், உருவினது எதுவும் இல்லைனு உறுதியானா! சிங்கப்பூரில் இருந்து மாமா லீவுக்கு வர்றார்னா, பெரிய கடையில் பில்லோட, லாக் இல்லாத செட்டா, அவர் பேக்கேஜ் விதிகளுக்குள்ள கொண்டுவரச் சொல்லுங்க. வர்றதுக்கு முன்னாடியே மாடல் எண்ணை வாங்கி பேண்டைச் சரிபாருங்க. அந்த வாரன்ட்டி இந்தியாவில் செல்லுமானு கம்பெனிகிட்டயே கேளுங்க.

எந்த செட்டா இருந்தாலும், *#06# அடிச்சா வர்ற 15 இலக்கமும் பெட்டியில் இருக்கிற எண்ணும் ஒண்ணானு பாருங்க. பிறகு கே.ஒய்.எம்.ங்கிற மூணு ஆங்கில எழுத்தையும் டைப் பண்ணி, இடைவெளி விட்டு அந்த எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்க. 2023-ல் நாடு முழுக்க வந்த சஞ்சார் சாத்தி திட்டத்தோட வசதி இது. பிளாக் லிஸ்ட், டூப்ளிகேட்னு பதில் வந்தா, தலைதெறிக்க ஓடிடுங்க.

ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி ஒரு ரஃப் நோட்டை எடுங்க. போன் விலை, கப்பல் கூலி, சுங்கம், ஜி.எஸ்.டி., கூரியர் கட்டணம்... எல்லாத்தையும் எழுதுங்க. அதுக்குக் கீழே, ஒரு டிஸ்ப்ளே மாத்த ஆகிற செலவையும் எழுதுங்க. வாரன்ட்டி இல்லைன்னா அது உங்க செலவுதான். இப்ப கூட்டின தொகையை நம்ம ஊர்க் கடை விலையோட ஒப்பிடுங்க. அப்பவும் வெளிநாட்டு செட்தான் சீப்னு வந்தா, கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க, வாழ்த்துகள்! சமமா வந்துச்சுன்னா, டிஸ்ப்ளே போன அன்னிக்கு நேர்ல போய் "என்னண்ணே இது?"னு கேக்க எந்தக் கடை தோதோ, அதுல வாங்குங்க.

அடுத்த வாரம் வேற மேட்டரோட பார்ப்போம்... வர்ட்டா!